பிரிக்காத உறை

அறுபதுகளில் தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. அடுப்பின்மேல் ஒரு தட்டைப் பாத்திரம். கொதிக்கும் நீருக்குள் கண்ணாடிக் குழாய்களும் ஊசிகளும் கலகலத்துக்கொண்டிருக்கும். ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், சிறுவனாக நான் வரிசையில் நின்ற ஒரு நாள், டிரஸரின் இடுக்கியிலிருந்து ஊசி ஒன்று நழுவி மேசைமேல் விழுந்தது. அப்போதுதான் துடைத்த மேசை. பால்வெட்டு முடித்துப் பசியோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "விழுந்துட்டது, பொறுங்க" என்று மட்டும் சொல்லி, அதை மீண்டும் கொதிநீரில் இட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் அவர்.

அந்த ஊசியில் கிருமி ஒட்டியிருந்ததா? அவரும் அறியார், நாங்களும் அறியோம். அப்படியே எடுத்துக் குத்தியிருந்தாலும் அவரைக் கேட்பார் யாருமில்லை.

இன்று கொதிநீர்ப் பாத்திரம் போய்விட்டது. கத்தியும் கத்தரியும் குழாயும் ஆலையிலேயே உறையிடப்பட்டு வருகின்றன. உறையின் ஒரு பக்கம் தெளிந்த பிளாஸ்டிக். மறுபக்கம் காகிதம் போன்றதொரு விரிப்பு. கிருமியைக் கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயு அவ்விரிப்பின் நுண்துளைகளின் வழியே உட்புகும், கிருமி புகாது. வெப்பத்தால் ஒட்டிய விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்துவிட்டால் போதும், உள்ளிருக்கும் கருவியின் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. உறைமீது நிறம் மாறும் குறி, கருவி வாயுவைக் கண்டது என்பதற்கே சாட்சி. இப்போதும் தூய்மையாக உள்ளது என்பதற்கு அன்று.

இங்கேதான் சிக்கல். பாலில் நீர் கலந்தால் தோட்டத்து மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும். அளந்த பின்னும் பால் பாலாகவே இருக்கும். உறைக்குள் இருக்கும் தூய்மையை அவ்வாறு அளக்க இயலாது. பிரித்துப் பார்த்தால் அந்தக் கணமே அது கெடும். பிரிக்காதவரை அது ஆலைக்காரர் அளித்த வாக்கு மட்டுமே. பத்து லட்சத்தில் ஒன்றுக்குமேல் கிருமியோடு தப்பக்கூடாது என்பதே உலகம் ஏற்ற அளவுகோல். ஆக, 'தூய்மையானது' என்று நாம் கூசாமல் சொல்லும் சொல்லே ஒரு நிகழ்தகவுதான்!

அவ்வாக்கில் தமக்கே ஐயம் எழும்போது ஆலையார் கருவிகளைத் திரும்பப் பெறுகின்றனர். நம் நாட்டின் 2012 ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. பல வேளைகளில் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகச் செய்தியே இராது. உறை பலவீனமாக இருக்கலாம் என்ற ஐயம் மட்டுமே இருக்கும். நிரூபிக்கப்படாத ஐயத்துக்காக அறுவையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்பார் உளர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்க மாட்டேன். ஆசகானிலிருந்து விடுப்பெடுத்து, இரவு முதல் பட்டினி கிடந்து மலாக்கா மருத்துவமனைக்கு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்புவதும் ஒரு தீங்குதான்.

ஆனால் சான்று வரட்டும் என்று காத்திருப்பதன் பொருள் என்ன? யாரோ ஒருவர் உடலே அச்சான்றாகட்டும் என்பதன்றோ!

சென்னையை அடுத்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் ஆலையின் கண் சொட்டுமருந்தை நினைத்துப் பார்க்கலாம். அது கத்தியன்று, எனினும் அதே தூய்மை வாக்கைத் தாங்கிக் கடல் கடந்த பொருள். 2023 ஜனவரியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எச்சரித்தது. பிப்ரவரியில் ஆலை மருந்தைத் திரும்பப் பெற்றது. பலமுறை பயன்படுத்தும் குப்பியில் போதிய பதனப்பொருள் இல்லை, நுண்ணுயிர்ச் சோதனை முறையாக இல்லை, உறை திறக்கப்பட்டதைக் காட்டும் மூடியில் கட்டுப்பாடு இல்லை என்று அந்நாட்டு மருந்துத் துறை குறை கூறியது. மருந்துகளுக்கு அடங்காத கிருமி 18 மாநிலங்களில் 81 பேரைப் பற்றியது. 14 பேர் பார்வை இழந்தனர், நால்வரின் கண்ணையே அகற்ற நேர்ந்தது, நால்வர் மாண்டனர்.

தமிழ்நாட்டு அதிகாரிகள் ஆலையில் எஞ்சியிருந்த மாதிரிகளைச் சோதித்துக் கிருமி இல்லை என்றனர். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதித்த குப்பி வேறு, கண்ணில் விட்ட குப்பி வேறு. மாதிரி தூயது என்பது ஆலையாருக்கு ஆறுதல் தரலாம். கண் இழந்தவருக்கு அது விடையாகாது. மயக்கத்தில் மேசைமேல் கிடப்பவரும் சொட்டுமருந்துக்காக முகத்தை அண்ணாந்தவரும் எதையும் சோதிக்க வல்லவர் அல்லர். அவர்களால் ஐயப்பட இயலாத இடத்தில், அவர்களுக்காக ஐயப்படவேண்டியவர் ஆலைக்காரரே.

இதில் நமக்கும் பங்குண்டு. தாமே முன்வந்து திரும்பப் பெறும் ஆலையின் பெயர்தான் நாளேட்டில் கெடுகிறது. வாய்மூடிய ஆலையை எவரும் அறிவதில்லை. அறுவை தள்ளிப்போனால் மருத்துவமனைக் கூடத்தில் நாமும் குரல் உயர்த்துகிறோம். அன்று டிரஸர் கடிகாரத்தைப் பார்த்து நின்றபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்; பள்ளிக்கூடம் போக நேரமாகிவிட்டது என்பது என் குறை. கொதிநீருக்கும் சாகாத கிருமிவித்துகள் உண்டு என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அவர் அதை அறிந்திருந்தாரோ என்னவோ. நீர் கொதித்து முடிந்ததும் இடுக்கியையும் ஒருமுறை அதில் தோய்த்தெடுத்து, வரிசையில் முதலில் நின்ற கிழவியை அழைத்தார்.