தெரியாமல் செய்தேன் என்பது உஸ்தாதுக்குப் போதுமா?

 

சில ஆண்டுகளுக்கு முன், மக்ரிபுக்குப் பின் மக்தபில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். தெருவில் யாரோ கல்யாண வெடி போட்டார்கள். ஒரு சிறுவன் குர்ஆனை அப்படியே விட்டுவிட்டு ஓடி, மூலையில் ஒடுங்கிக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். "குர்ஆனுக்கு இதுதான் மரியாதையா?" என்று கேட்டு அவனை அடித்துவிட்டேன். அவன் தாய் பட்டாசு ஆலை விபத்தில் மவ்த்தானவர். அது எனக்குத் தெரியும். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

என் நிய்யத் நல்லதுதான். அது போதுமா?

வைத்தியம் கற்காமல் வைத்தியம் பார்த்தவர், அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. உடலுக்கே இந்தச் சட்டம் என்றால், பிள்ளையின் கல்பைக் கையில் எடுப்பவருக்கு?

உஸ்தாத் அடித்த இடத்தை நரகம் தீண்டாது என்று கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அப்படி ஒரு ஹதீஸ் கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது.

நம் சுந்தரபாண்டியத்துக்கு சிவகாசி தொலைவான ஊரல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று ஆசிரியர் தினம். இப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் திரும்பி வந்து உட்காருவது வகுப்பறையில்தான். மனநல மருத்துவரைவிட முதலில் அவர்களைப் பார்ப்பவர் ஆசிரியர். 2004 சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கடலோரத்தில் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி அளித்ததற்குக் காரணமும் இதுதான்.

அப்படி என்ன கற்க வேண்டும்? பாடத்தில் மனம் ஒட்டாததும், திடீர்க் கோபமும், மறதியும் திமிராகவே இருக்க வேண்டியதில்லை, பயமாகவும் இருக்கலாம் என்று அறிவது. நடந்ததைச் சொல்லச் சொல்லித் துருவாமல், அவனாகப் பேசினால் கேட்பது. படம் வரையவும் விளையாடவும் விடுவது. அன்றாட நேர ஒழுங்கை மாற்றாமல் வைப்பது. வாரங்கள் கடந்தும் தூக்கமில்லை, பேச்சில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவது. 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

"ஸப்ர் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதுதான் நம்மிடம் உள்ள பெரிய பழக்கம். வளர்த்த குருவி இறந்து வாடியிருந்த அபூ உமைரிடம் நபி (ஸல்) அவர்கள் ஸப்ரைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. அந்தக் குருவியைச் சொல்லியே விசாரித்தார்கள். ஆறு வயதில் தாயை இழந்தவர்கள் அல்லவா!

பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தால் நம் மக்தப் உஸ்தாதுகளையும் அனுப்புங்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

அந்தச் சிறுவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. தெருவில் கல்யாணம் என்றால், "தம்பி, இன்னிக்கு வெடி போடுவாங்க, என் பக்கத்துல உக்காந்துக்க" என்று முன்பே சொல்லிவிடுகிறேன். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினான்.