ஏறுவினையும் பழவினையும்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், இங்கிலாந்தில் நாட்டிங்காமுக்கு அருகிலுள்ள ராட்கிளிஃப் அனல் மின்நிலையத்தின் உலைகள் அவிந்தபோது, 1882-இல் லண்டன் ஹோபர்னில் எடிசனின் நிலையத்தோடு அந்நாட்டில் தொடங்கிய நிலக்கரி மின்சார யுகம் 142 ஆண்டுகளுக்குப் பின் முடிவெய்தியது. அச்செய்தியால் என் உள்ளம் மகிழ்ந்தது. ஆயினும், சித்தாந்த சாத்திரங்கள் வினையை மூன்றாக வகுத்த நுட்பம் அம்மகிழ்ச்சியினூடே நினைவில் எழுந்து, நெடுநாள் அகலாது நின்றது.

குவிந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம். அதிலிருந்து இவ்வுடம்பு நுகர்வதற்கென முகந்தளித்த பகுதி பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டிக்கொள்ளும் ஏறுவினை ஆகாமியம். காற்றாலையும் சூரிய ஒளித் தகடும் ஆகாமியத்தைத் தடுக்கின்றன. அது பேருபகாரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஹோபர்னில் எழுந்த கரியமில வாயுவில் ஒரு பகுதி இன்றும் ஆகாயத்தில் இருக்கிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420-ஐக் கடந்துவிட்டது. உலகம் நாளையே புகையை நிறுத்தினாலும், ஏறிய வெப்பம் எளிதில் இறங்காது, கடல்மட்டம் நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டேயிருக்கும் என்று விஞ்ஞானிகள் கூறுவது பிராரத்தத்தின் இலக்கணமேயன்றோ!

சஞ்சிதத்தைக் குருவருள் வறுத்த வித்தாக்கிவிடும் என்பர். ஐஸ்லாந்தில் 2021-இல் திறக்கப்பட்ட ஓர்கா என்னும் ஆலை, காற்றிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, நீரில் கரைத்து, எரிமலைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்கும் வித்தையை மேற்கொண்டிருக்கிறது. வியக்கத்தக்க பிராயச்சித்தம் அது. எனினும் ஆண்டுக்கு 4,000 டன் என்று வகுக்கப்பட்ட அதன் ஆற்றல் முழுவதையும், எரிபொருள்களை எரித்து உலகம் நான்கு விநாடிகளுக்குள் ஈடுசெய்துவிடுகிறது.

இனி, இந்த ஒப்புமை முறியும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். செய்தவனே நுகர்வான் என்பது கன்மக் கொள்கையின் உயிர்நிலை. இங்கோ, செய்தவன் லண்டனில் விளக்கேற்றி வாழ்ந்து மறைய, கடலேறும் துவாலுத் தீவில் பிறந்த குழந்தை நுகர்கிறது. அக்குழந்தை முற்பிறவியில் உலைக்குக் கரி வாரியிட்டிருக்கலாம் என்று விடையிறுக்க எனக்கு நா எழவில்லை. தொல்லை செய்தவரின் செல்வத்தைச் சுவீகரித்தவர் அவர்தம் வினையையும் சுவீகரித்தவரே என்பது என் துணிபு. வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் பதினாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்து, 2020-க்குள் எட்டவேண்டிய அத்தொகையை 2022-இல்தான் எட்டின. அதனையும் உதவி என்றே பெயரிட்டு வழங்குகின்றன, கடன் தீர்த்தல் என்று சொல்வதில்லை.