யார் பற்று, யார் ஏட்டில்?

வணிகர்களாகிய நாம் ஒருவர் பேரிலுள்ள பற்றை மற்றொருவர் ஏட்டில் எழுதுவோமா? எழுதினால் அது மோசடி. ஆனால் மனிதர் விஷயத்தில் அதையே தினமும் செய்து வருகிறோம்.

சிங்கப்பூரில் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளிவருவோர், 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 5 ஆண்டுகள் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும். குறித்த நாளில் சென்று சிறுநீரோ முடியோ சோதனைக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் அதுவே குற்றம். சிறைத் தண்டனையின் கடைசிப் பகுதியை வீட்டில் கழிப்போரோ, காலில் மின்னணுப் பட்டை அணிந்து, குறித்த நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். இவை தேவையென்பதை நாம் மறுக்கவில்லை. மகன் இரவில் வீட்டிலிருக்கிறான் என்று நிம்மதியாக உறங்கும் தாய்மாரும் உண்டு.

எனினும் பட்டை ஒருவர் காலில்; பாரம் வீடு முழுவதற்கும். நமது கடைக்கு வரும் ஓர் உம்மா, கடை சாத்தும் நேரம் பார்த்தே வருவார்கள். மகனுக்குச் சோதனை நாளென்றால் முதல் நாளிரவு அவர்களுக்கு உறக்கமில்லை. அவன் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதித்தால் இவர்கள் நெஞ்சு படபடக்கிறது. சர்க்கரை வியாதிக்கு மருந்து இருக்கிறது. சாப்பிட்டோமா என்ற நினைவில்லை. நீடித்த கவலை உறக்கத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று மருத்துவர்கள் சொல்வதை நாம் கண்ணாரக் கண்டோம்.

"ஏன் இவ்வளவு நேரங்கழித்து வருகிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டோம்.

"பகலில் வந்தால் மகனைப் பற்றி விசாரிக்கிறார்கள், தம்பி" என்றார்கள்.

நாலு பேர் நிற்கையில் அப்படி விசாரித்தவர்களில் நாமும் ஒருவர். வெட்கித் தலைகுனிந்தோம்.

சட்டம் மகனை மட்டுமே கண்காணிக்கிறது. தாயையும் தங்கையையும் கண்காணிப்பவர்கள் நாம்தாம். சட்டத்தின் கண்காணிப்புக்கு முடிவுத் தேதி உண்டு. நமது கண்காணிப்புக்கு அதுவும் இல்லை.

ஒருவர் செய்த பாவத்துக்கு மற்றொருவர் பொறுப்பல்லர் என்று மதரஸாவில் ஓதியவர்கள் நாம். 2004-இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம், விடுதலையானோருக்கு இரண்டாம் வாய்ப்புத் தரச் சொல்கிறது. குடும்பத்தாரோ முதல் வாய்ப்பையே தவறவிட்டவர்கள் அல்லர். அவர்களிடம் நாம் மன்னிக்க என்ன இருக்கிறது?

ஆகவே, அத்தகைய உம்மா கடைக்கு வந்தால் நாம் முந்திக்கொண்டு ஸலாம் சொல்வோம். மகனை விசாரிக்குமுன், "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்போம். தவறி எழுதிய பற்றை அடித்துத் திருத்துவதே நேர்மையான வணிகருக்கு அழகு. சிந்திப்போமாக!