உரை அளவையும் அஞ்சல் சேவையகமும்

பிறர் சொல்லை எப்போது அறிவாகக் கொள்ளலாம்? சைவ சித்தாந்தம் இதை, அறிவைப் பெறும் வழிகளை ஆயும் அளவை இயலில் ஆராய்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகள் பலவும் காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (தகுதியானவர் சொல்) என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது. உரையளவையாக ஆகமம் என்னும் இறைநூல் ஏற்கப்படுவது, அதை அருளிய இறைவன் குற்றமற்றவன் என்பதால்.

உள்வலையமைப்பில் ஒரு சேவையகம் இன்னொன்றின் வழியே மின்னஞ்சல் அனுப்பும்போதும் இதே கேள்வி எழுகிறது. 1982இல் ஜோன் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் அனுப்புநர் யாரென உறுதிசெய்ய வழியில்லை. முன்பு பல சேவையகங்கள் யார் தந்த அஞ்சலையும் கடத்தின. குப்பை அஞ்சல் பெருகியபின் அந்தக் கதவு மூடப்பட்டது.

வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் அமைந்த நெடுங்கேணியிலிருந்து ஓர் அலுவலக அஞ்சல், வவுனியா நகரிலுள்ள சேவையகம் வழியே செல்வதாகக் கொள்வோம். அந்தச் சேவையகம் அஞ்சலை ஏற்காதபோது தரும் மறுமொழி எண் 4இல் தொடங்கினால் அது தற்காலிகத் தடை. 550 முடிவான மறுப்பு. பதிவுக் கோப்பில் அதைப் படிப்பது காண்டல். அனுப்பும் கணினியின் ஐபி முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லை, அல்லது இடையிலுள்ள ரவுட்டர் அதை மாற்றிவிட்டது என்று ஊகிப்பது கருதல். சென்று சேர்ந்த அஞ்சலின் தலைப்பில் ஒவ்வொரு சேவையகமும் மேலே சேர்க்கும் வரவுக் குறிப்பே உரை. அதிலும் சொந்த நிர்வாகத்துக்கு உட்பட்ட சேவையகங்கள் எழுதிய வரிகளையே நம்பலாம்; அவற்றுக்குக் கீழுள்ளவற்றை எவரும் புனையலாம்.

ஆனால் முகவரியை அறிவது சொல்பவரின் தகுதியை அறிவதாகாது. சித்தாந்தம் கேட்பது தகுதியை. இயந்திரம் பார்ப்பது இருப்பிடத்தை மட்டுமே. ஆகவே மறுப்பைத் தீர்ப்பதற்காக எல்லோருக்கும் கடத்தலைத் திறந்துவிடுவது பிழை. அந்த ஒரு முகவரியை மட்டும் பட்டியலில் சேர்ப்பதே முறை.