காட்டுவதற்காகப் பார்ப்பது

ஒரு கல்லூரி மகளிர் விடுதியின் வைஃபையை நான் பராமரிக்கிறேன். ஆக்சஸ் பாயிண்ட் எல்லாம் கிளவுடோடு இணைந்தவை. வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாலே டேஷ்போர்டில் எல்லா மாடியும் தெரியும். தேர்வு நேரத்தில் ஒரு மாணவி, நெட் வரவில்லை என்று புகார் போட்டிருந்தாள். அவள் போனின் டைம்லைனைப் பார்த்தேன். இணைப்பு சரி, பாஸ்வேர்டு சரி, ஐபி முகவரி கேட்ட இடத்தில் மட்டும் சிவப்பு. விடுதி முழுவதற்கும் ஒதுக்கிய தொகுப்பில் 254 முகவரிகள்தான். ஆளுக்கொரு போன், ஒரு லேப்டாப். போதாததற்கு, ஊருக்குப் போய்விட்டவர்களின் முகவரிகளும் 8 நாள் லீஸில், அதாவது ஒதுக்கீட்டுக் காலத்தில், முடங்கிக் கிடந்தன. லீஸைச் சில மணி நேரமாகக் குறைத்தேன், சரியாயிற்று.

அதே விடுதி வார்டன் பிறகொரு நாள் கூப்பிட்டார். "தம்பி, யார் எங்க இருந்தாங்கன்னு காட்டுற வசதி புதுசா வந்திருக்காமே? ஒரு பொண்ணு சனிக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்கு ரூமுக்கு வந்தான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

பார்க்க முடியும். ஒரு போனின் சிக்னல் மூன்று நான்கு ஆக்சஸ் பாயிண்டில் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை வைத்து இடத்தைக் கணித்து, கிளவுடில் சேமித்து வைத்துவிடுகிறது. இரண்டு வேலைக்கும் திறப்பது ஒரே திரைதான். முதலாவதை யோசிக்காமல் செய்தேன். இரண்டாவதற்கு மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் பார்க்க முடிந்தவனுக்கு எதைப் பார்க்க உரிமை உண்டு?

நாங்கள் வெறும் சாட்சிதான் என்பார்கள் இந்தத் துறையில். தொழில்நுட்பப்படி அதில் உண்மை உண்டு. பயனர் அனுப்பும் படமும் பேச்சும் பொதுவாகக் கிளவுட் வழியாகப் போவதில்லை. நிர்வாகத் தகவல் மட்டுமே போகிறது. ஆனால் சாங்கிய தத்துவம் இந்தச் சாட்சியைப் பற்றி நெடுங்காலம் முன்பே யோசித்திருக்கிறது. அதில் ஆன்மாவாகிய புருஷன் எதையும் செய்வதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறான். அவன் அருகில் இருப்பதாலேயே இயற்கையாகிய பிரகிருதி இயங்கத் தொடங்கிவிடுகிறது. இருப்பிடப் பதிவு என்று ஒன்று இல்லாதிருந்தால் வார்டனுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. சேமித்து வைத்த பார்வை சும்மா கிடப்பதில்லை.

எனக்கு வழி காட்டுவது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதத்தின் பதினோராம் சூத்திரம் இறைவனின் பார்வையைப் பற்றியது. உயிர் தானாகக் காணாது. கண்ணுக்கு உயிர் காட்டுவதுபோல உயிருக்கு இறைவன் காட்டுகிறான், காட்டிவிட்டு விலகாமல் உடனின்று காண்கிறான். அதில் அவனுக்கென்று ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் பார்வையின் பலன் முழுவதும் உயிருக்கே. முற்றறிவு உடையவன் பார்ப்பதற்கே நியாயம் இதுவென்றால், நாலு கம்பி இழுத்த நான் வேறு நியாயம் பேச முடியாது.

புதிய வசதிகளை நான் இப்படித்தான் நிறுத்துப் பார்க்கிறேன். ஜூனிப்பர் மிஸ்ட் என்ற வைஃபை அமைப்பில், ஒரு போன் இணைய முடியாமல் தவித்தால் அந்த நொடியின் பாக்கெட்டுகள் தானாகவே பதிவாகிவிடும். மனமார வரவேற்கிறேன்; திண்டாடியவருக்கே அதன் பலன் திரும்பிப் போகிறது. சிஸ்கோ மெராக்கி போன்றவற்றில் வந்த இருப்பிட ஆய்வு வேறு வகை. நெட்வொர்க்கில் சேராமல், கடை வாசலைக் கடந்து போகிறவரின் போனைக்கூட அது எண்ணும். போன் நிறுவனங்கள், போனை அடையாளம் காட்டும் மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கியது இப்படிப் பின்தொடர்வதைத் தடுக்கத்தான். ஆண்ட்ராய்டு 10இல் 2019லும், ஐஓஎஸ் 14இல் 2020லும், நெட்வொர்க்கில் சேரும்போதும் அது இயல்பாகவே வந்துவிட்டது. சரியான காரியம் என்றே சொல்வேன், எங்கள் வேலை அதனால் சிக்கலானபோதிலும்.

வார்டனிடம் சொன்னேன்: "அந்தப் பொண்ணக் காணோம்னா இந்த நிமிஷமே பாக்குறேன் மேடம். வந்துட்டான்னா அவளையே கேளுங்க."

"நாளைக்கு ஒண்ணுன்னா அவ வீட்ல என்னத்தான கேப்பாங்க?" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. இரவில் இருநூறு பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஒரே ஆள் அவர். அதனால் நிர்வாகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஆபத்து என்றால் எழுத்தில் கேட்டு, இரண்டு பேர் முன்னிலையில் இருப்பிடத்தைத் திறக்கலாம். திறந்ததை மறுநாளே அந்த மாணவிக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் வரியை உடனே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது இன்னும் பேச்சில் இருக்கிறது. அதுவரை அந்த விடுதியில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.