குப்பியில் வளரும் ஊனும் கொல்லாமையும்

கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொள்வது சைவர் மரபு. ஆயினும் புலாலுண்ணாமை ஒன்றானே அவ்வறம் நிறைவெய்திற்றென அமைந்திருப்பார் பலர். யாமும் அங்ஙனமே இருந்தேம். அண்மையிற் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிகழ்ந்த உரையாடலொன்று அவ்வெண்ணத்தை அசைத்தது.

ஆங்கு வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த மீனவ முதியவர் ஒருவர், "ஐயா, கல்லூரியிற் படிக்கும் என் பேரன் ஒன்று சொன்னான். கொடுவா மீனின் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கெடுத்துக் குப்பியில் வளர்க்கின்றார்களாம். மீன் செத்தும் அது வளர்கின்றதாம். அப்படியானால் அம்மீனின் உயிர் போயிற்றா, குப்பியில் இருக்கின்றதா?" என வினவினார்.

பேரன் கூறியது மெய்யே. மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர் 2006-ஆம் ஆண்டிற் கொடுவாயின் சிறுநீரகத் திசுவினின்று இடையறாது பெருகும் செல்வரிசை ஒன்றனை அமைத்து வெளியிட்டனர். செல்களைச் சத்துநீரில் வளர்த்து, கலம் நிறைந்துழிப் பகுத்துப் புதுக்கலங்களுக்கு மாற்றுவர். மீன்நோய் விளைக்கும் வைரசுகளை அவற்றில் வளர்த்து ஆராயலாமாகலின், அதன்பொருட்டு மீன்களை நோய்ப்படுத்திக் கொல்லுதல் குறையும். நீரிற் கலந்த நஞ்சை அளத்தற்கும், மீன்களை நான்கு நாள் அந்நீரில் விட்டு இறந்தவற்றை எண்ணுவதே வழக்கமான முறை. மீன்செவுளின் செல்களைக்கொண்டு ஒரே நாளில் அளக்கும் முறையை ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டமைப்பு 2021-இல் ஏற்றது. ஏரிநீரை நம்பி வாழ்வார்க்கு இவ்வாய்வு வேண்டாததன்று.

இனி வினாவிற்கு வருவாம். சித்தாந்தத்தில் உயிர் வேறு, உடம்பு வேறு. உயிர் கூறுபடாதது, செல்லோ கூறுபட்டுப் பல கலங்களிற் பரவுவது. ஆதலின் குப்பியிலிருப்பது கொடுவாயின் உயிரன்று. அவ்வுயிர் விட்டு நீங்கிய கருவியின் எச்சமே.

அற்றேல், வளர்தல் உயிரின் குறியன்றோ? தொல்காப்பியனார் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தாரன்றோ எனின், அங்ஙனமே கொள்க. கொள்ளினும், நோவை உணரும் நரம்பும் மூளையும் அக்குப்பியில் இல்லை. கீரையும் காயும் உண்ணும் யாம் அதனைக் கொலையெனப் பழித்தல் பொருந்தாது. துடிதுடித்து மாளும் மீன் பலவற்றிற்கு ஈடாக இதனைக் கொள்ளுதல் அருளின்பாற்பட்டதேயாம்.

ஆயினும் இம்முறை முற்றும் பழுதற்றதென்றல் கூடாது. அச்சத்துநீரிற் பெரும்பாலும் கலக்கப்படுவது, கொல்லப்பட்ட சினைப்பசுவின் கருவிலிருக்கும் கன்றின் குருதியினின்று வடித்த சீரமாகும். மீனைக் காத்தற்குக் கன்றை மறத்தல் என்ன அறம்? சீரமின்றி வளர்க்கும் சத்துநீர்கள் சிலவகைச் செல்களுக்கு அமைந்துள்ளன. அவற்றை ஏனையவற்றிற்கும் ஆக்குதல் ஆய்வாளர் கடன். விலங்குகளை மாற்றுதல், தொகை குறைத்தல், நோவு தணித்தல் என்னும் மூன்றனை இரசலும் பர்ச்சும் 1959-இல் வகுத்துரைத்தனர். இயலுமிடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்கவென நம் நாட்டு 1960-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகின்றது.

இவற்றை எண்ணுங்கால் எமக்கே நாணம் உண்டாயிற்று. காய்ச்சலுற்றபோது யாம் உண்ட மருந்துகள் எலியும் முயலும் நோவுற்ற பின்னரே எம் கைக்கு வந்தன. அக்கணக்கை யாம் ஒருநாளும் பார்த்ததில்லை. இவ்வேரி மீனவரோ, பாடு என்னும் தம் முறைப்படி, முறைநாள் வந்தாலன்றிக் குறித்த இடத்தில் வலையிடார். கொல்லும் கையிலும் ஒரு வரம்பு இருந்தது. கொல்லேம் என்ற எம்மிடத்து அஃது இருந்திலது.

முதியவர்க்கு யாம், "மீனின் உயிர் தன் வினைவழியே சென்றது, குப்பியிலிருப்பது அதன் உடம்பே" என்றேம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, "அப்படியானால் ஒரு மீனே போதுமா, ஐயா?" என்றார். எல்லா ஆய்விற்கும் போதாது. ஆனால் ஒன்றால் முடிவதற்கு நூறு கொல்லலாகாது என்பதனை ஆய்வாளரும், அம்மருந்தை உண்ணும் யாமும், ஒருங்கே மேற்கொள்ளல் வேண்டும்.