கொடையின் எல்லை

திருச்சிராப்பள்ளி காஜாநகரில் 1951-இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரியின் நிறுவனர்கள் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் ஹாஜி எம். ஜமால் முகமது சாகிபும் ஆவர். இவர்களுள் பின்னவர் சென்னையில் தோல் வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டி, ஆங்கிலேயர் காலத்து மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்து, 1931-இல் லண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் பங்கேற்றவர். அறிவுக்காகப் பொருள் கொடுத்தவர் அதனால் விளையும் கருத்தின்மீதும் உரிமை உடையவரா என்னும் சமயக் கேள்விக்கு அவர் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டாகிறது.

செல்வம் இறைவனுடையது, மனிதன் அதை அமானத்தாக, அதாவது ஒப்படைக்கப்பட்ட பொருளாக, வைத்திருப்பவன் என்பது இஸ்லாமிய நெறி. ஆண்டு முழுதும் கையிருந்த சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கைத் தகுதியானவர்க்கு அளிக்கும் ஜகாத் கட்டாயக் கடமை. விற்கவோ வாரிசுகளுக்குப் பிரிக்கவோ இயலாதவாறு ஒரு சொத்தை அறத்துக்கென நிலைநிறுத்தும் வக்ஃப் விருப்பக் கொடை. ஆயினும் அதைக் கொடுத்தவர் விதித்த நிபந்தனை அவர் மறைந்த பின்னும் நிர்வாகிகளைக் கட்டுப்படுத்தும்.

ஜமால் முகமதுவின் ஆதரவில் சென்னையில் நடந்த சொற்பொழிவுகள் கொடையாளரின் நிபந்தனை என்னும் இவ்வரம்புக்கு அப்பாற்பட்டவை. 1925-இல் சையித் சுலைமான் நத்வி நபிகளின் வாழ்வைப் பற்றி எட்டு உரைகள் ஆற்றினார். 1929 ஜனவரியில் கவிஞர் இக்பால், சமய அனுபவத்தை நவீன இயற்பியலோடும் மேலைத் தத்துவத்தோடும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். பிற உரைகளையும் சேர்த்து 1930-இல் வெளிவந்த அவரது நூல், மூல நூல்களிலிருந்து புதிய சட்டமுடிவை ஆய்ந்து காணும் இஜ்திஹாத் என்னும் முயற்சியை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும் என்று வாதிட்டபோது, மரபறிஞர் பலரால் அதன் முடிவுகளை ஏற்க இயலவில்லை.

தவறெனச் சிலர் கருதும் கருத்துக்கு மேடை அமைத்தவரும் பொறுப்பாளி அல்லரா என்று கேட்கலாம். செயலை நிய்யத், அதாவது உள்நோக்கம், கொண்டே மதிப்பிடும் நெறியில், தகுதியான அறிஞரைத் தேர்வது கொடையாளரின் பொறுப்பு. அவ்வறிஞர் நேர்மையாக ஆராய்ந்து எட்டும் முடிவு அவருடைய பொறுப்பு. தன் கருத்தையே திருப்பிச் சொல்லுமாறு அறிஞருக்குப் பொருள் தருபவர் கொடையாளர் ஆகார். அவர் அப்போதும் வணிகரே.